திருவிருந்துப் பாத்திரத்தில் புளித்த திராட்சரசமா, புளிக்காத சாறா? குடியிலிருந்து மீண்டவர் ஒருவருக்காக ஒரு கேள்வி

பொதிகைத்தென்றல் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சேகரத்தில் கமிட்டி உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் கமிட்டிக்கு வந்துள்ள ஒரு கடிதத்தைப் பற்றிப் பல சபைகளைச் சேர்ந்த உங்கள் கருத்தை அறிய விரும்பி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் சபையார் ஒருவர் நெடுங்காலம் குடிக்கு அடிமையாக இருந்து, மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை பெற்று, இப்போது குடிக்காமல் இருக்கிறார். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் வருகிறார். ஆனால் அப்பமும் ரசமும் வழங்கும் திருவிருந்து உள்ள ஞாயிறுகளில் மட்டும் பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வெளியே போய்விடுகிறார். நாங்கள் புளித்த திராட்சரசத்தையே ஒரே பாத்திரத்தில் வழங்குகிறோம். அவருடைய மனைவி கமிட்டிக்கு எழுதிய கடிதத்தில், "பாத்திரம் அருகில் வரும்போது அந்த வாசனையே அவரைப் பதறச் செய்கிறது, சாறாக மாற்ற இயலுமா?" என்று கேட்டிருக்கிறார்.

கமிட்டியில் கருத்து பிளந்துவிட்டது. பெரியவர்கள் பலர், முன்னோர் காலத்திலிருந்து வரும் முறையை ஒருவருக்காக மாற்றுவது பயபக்தியற்ற செயல் என்கிறார்கள். பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் அடுத்த மாதமே மாற்ற வேண்டும் என்கிறார்கள். கிறிஸ்தவர்கள் குடிக்கலாமா என்ற பொதுக் கேள்வியும் கூடவே எழுந்துவிட்டது. அதைத் தவிர்க்க முடியாது என்று தெரியும். ஆயினும் அன்பர்கள் பாத்திரத்தை நினைவில் வைத்தே எழுத வேண்டுகிறேன்.

எழுப்புதல்_ஊழியன் எழுதியது:

சகோதரரே, எங்கள் பெந்தெகொஸ்தே சபையில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. விதையில்லாத உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சி வடிகட்டிய சாற்றைத்தான் தொடக்கத்திலிருந்து பயன்படுத்துகிறோம். ஆசரிப்புக் கூடாரத்துக்குள் பிரவேசிக்கும் ஆசாரியர்கள் மது அருந்தலாகாது என்று லேவியராகமம் 10-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. கர்த்தருக்கென்று தன்னைப் பிரித்துவைக்கும் நசரேய விரதம் எடுத்தவன் திராட்சைப் பழத்தைக்கூட உண்ணக் கூடாது என்று எண்ணாகமம் 6 கூறுகிறது. எரேமியா 35-இல் ரேகாபியர் என்ற குடும்பத்தார் தங்கள் தகப்பனுடைய சொல்லுக்காக மதுவைத் தொடாதிருந்ததைக் கர்த்தர் மெச்சிக்கொள்கிறார். விசுவாசிகள் எல்லாரும் ராஜரீகமான ஆசாரியக் கூட்டம் என்று பேதுரு எழுதியிருக்கும்போது, ஆசாரியனுக்கு விலக்கப்பட்டதை நாம் பலிபீடத்தண்டையில் கையில் ஏந்துவது எப்படித் தகும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் சபைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் குடியால் சிதைந்த வீடுகளிலிருந்து வருகிறவர்கள். தாலியையும் ரேஷன் அரிசியையும் விற்றுக் குடித்த தகப்பனைக் கண்ட பிள்ளைகளிடம், "அளவோடு குடிக்கலாம், பைபிளில் இருக்கிறது" என்று எந்த முகத்தோடு சொல்வது? ஞானஸ்நானம் எடுக்கிற அன்றே குடியை விட்டுவிடுவதாக அவர்கள் பொருத்தனை செய்கிறார்கள். அடுத்த ஞாயிறே சபை அவர்கள் உதட்டில் மதுவைத் தொட வைப்பது கொடுமை அல்லவா?

காவிரிக்கரை எழுதியது:

சகோதரர் எழுதிய இரண்டாம் பத்தியை முழு மனதோடு ஏற்கிறேன். முதற்பத்தியில்தான் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் கத்தோலிக்கன்.

நசரேயருக்கு விலக்கு இருந்தது உண்மை. ஆனால் அது ஒரு காலத்துக்கு ஏற்கும் விரதம். விரத நாள்கள் முடிந்தபின் அவன் திராட்சை இரசம் குடிக்கலாம் என்று அதே அதிகாரம் கூறுகிறது. உபாகமம் 14, ஆண்டவர் சந்நிதியில் திராட்சை இரசத்தோடும் மகிழ்ந்திருக்க இடம் தருகிறது. திருமுழுக்கு யோவான் மதுவைத் தொடாதவர். இயேசுவோ உண்டும் குடித்தும் வந்ததால் "போசனப்பிரியன், குடியன்" என்ற ஏச்சைச் சுமந்தவர். லூக்கா 7-இல் ஆண்டவரே இதை எடுத்துச் சொல்லி, இருவரையும் ஏற்காத தலைமுறையைக் கடிந்துகொள்கிறார். இயேசு தண்ணீரை இரசமாக்கிய கானா ஊர்த் திருமணத்தில் ஆறு கற்சாடிகளில் நிரம்பியிருந்தது, யோவான் நற்செய்தி தரும் அளவைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 500 முதல் 700 லிட்டர் வரும். பந்தி விசாரிப்புக்காரன், விருந்தினர் குடித்துத் திருப்தியடைந்தபின் மட்டமானதைத் தருவதே வழக்கம் என்று வியந்து பேசுவது, சாற்றை முன்னிட்டு அல்ல.

ஆதித் திருச்சபையிலும் இதே வாதம் நடந்திருக்கிறது. மதுவே தீமை என்று கருதிய சில குழுவினர் நற்கருணையில் (திருவிருந்தை நாங்கள் இப்படிச் சொல்வோம்) தண்ணீரை மட்டும் வைத்தார்கள். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், வெறும் தண்ணீர் வைக்கும் வழக்கத்தை மறுத்து நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அவருடைய கடிதங்களில் 63-ஆவதாக அது எண்ணப்படுகிறது. நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் பிரசங்கித்த கிறிசோஸ்தோம், பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றின் நலனுக்காகக் கொஞ்சம் திராட்சை இரசம் எடுத்துக்கொள்ளச் சொன்ன வசனத்தை விளக்கும்போது, இரசம் கடவுளின் படைப்பு, வெறியே சாத்தானின் வேலை என்று பிரித்துக் காட்டுகிறார். எங்கள் திருச்சபைச் சட்டம் 924-ஆம் விதியும் இரசம் திராட்சைக் கனியிலிருந்து வந்த இயற்கையானதாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதில் சிறிது தண்ணீர் கலக்கிறோம்.

பொதிகைத்தென்றல் ஐயாவுக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய செய்தி ஒன்று உண்டு. குடிநோயிலிருந்து மீண்ட குருக்கள் என்ன செய்வது என்ற கேள்வி எங்களிடமும் எழுந்தது. குரு திருப்பலியில் இரசம் அருந்தாமல் இருக்க முடியாதே! அதற்காக ஆயரின் அனுமதியோடு "முஸ்தும்" என்பதைப் பயன்படுத்தலாம் என்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வழிகாட்டியிருக்கிறது. 2003-ஆம் ஆண்டு ஜூலையில் எழுதிய கடிதத்தில் அதை மீண்டும் தெளிவாக்கியது. பிழிந்த சாற்றை உறைய வைத்தோ அதுபோன்ற வேறு முறையிலோ, அதன் இயல்பை மாற்றாமல், புளிப்பதை நிறுத்தி வைப்பது முஸ்தும். பொதுநிலையினருக்கு இன்னும் எளிய வழி உண்டு. அப்பத்தில் மட்டும் நற்கருணை பெற்றாலும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகிறோம் என்பது எங்கள் நம்பிக்கை.

தரங்கைவாசி எழுதியது:

லுத்தரன் சபையாரின் பார்வையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் இராப்போசனத்தை, அதாவது திருவிருந்தை, ஏற்படுத்தியபோது எதைக் கையில் எடுத்தாரோ அதை எடுக்கவே எங்களுக்கு உத்தரவு உண்டு. ஒரு உயிலில் எழுதியதை வாரிசுகள் தங்கள் வசதிக்காகத் திருத்தலாகாது. கிறிஸ்து இதைத் தம் இரத்தத்தினாலாகிய உடன்படிக்கை என்றார்; அதுவும் ஓர் உயில் போன்றதே. சபையாருக்குப் பாத்திரத்தை மறுத்ததற்காகவே சீர்திருத்தக் காலத்தில் எங்கள் முன்னோர் ரோமோடு வழக்காடினார்கள். அதனால் "அப்பம் மட்டும் போதும்" என்ற யோசனை எனக்கு உறுத்துகிறது. சாறு என்ற யோசனையும் அதே அளவுக்கு உறுத்துகிறது.

குடிப்பதைப் பற்றிக் கேட்டால், லுத்தரின் மனைவி கத்தரீனா விட்டன்பெர்க் வீட்டில் பீர் காய்ச்சியவர் என்பதை ஒளிக்க ஒன்றுமில்லை. அதே லுத்தர் ஜெர்மானியரின் குடிவெறியைக் கடுமையாகக் கண்டித்தும் இருக்கிறார். அளவு கடந்த குடி பாவம்; குடிப்பது தன்னளவில் பாவம் அன்று. சகோதரர் எழுப்புதல் ஊழியன் இதை ஏற்கமாட்டார் என்று அறிவேன்.

எழுப்புதல்_ஊழியன் எழுதியது:

நிச்சயமாக ஏற்கமாட்டேன், ஐயா. ஜெர்மனியில் பீர் சாப்பாட்டோடு குடிக்கப்பட்டிருக்கலாம். நம் ஊரில் எவரும் சாப்பாட்டோடு ஒரு கோப்பை குடித்துவிட்டு நிறுத்துவதை நான் கண்டதில்லை. கடை அடைக்கும் நேரத்துக்கு முன் ஓடிப்போய் வாங்கி, நின்ற இடத்திலேயே கவிழ்த்துக்கொள்வதுதான் இங்கே குடி. "மதுபான வெறி" என்று எபேசியர் 5 சொல்வது இங்கே குடியின் முடிவைக் குறிப்பதில்லை, அதன் நோக்கத்தையே குறிக்கிறது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

சகோதரரின் கடைசிக் கருத்து வரலாற்றிலும் ஆழமான இடம் பிடித்தது என்பதால் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன். முழு மதுவிலக்கு கிறிஸ்தவக் கடமை என்ற எண்ணம் திருச்சபையின் வயதோடு ஒப்பிட்டால் மிக இளையது. ஆனால் அது யாரோ வீம்புக்காகக் கண்டுபிடித்ததும் அன்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் லண்டன் ஏழைகளிடையே மலிவான ஜின் சாராயம் பரவியது. அதுவரை அவர்கள் அறிந்திருந்த பீரைவிட அது பன்மடங்கு கடுமையானது. அதன் நாசத்தைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றம் 1736-இலும் 1751-இலும் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. அந்தப் பின்னணியில்தான் ஜான் வெஸ்லி 1743-இல் மெதடிஸ்ட் சங்கங்களுக்கான பொது விதிகளை வெளியிட்டார். குடிவெறி கூடாது; காய்ச்சி வடித்த சாராய வகைகளை வாங்கவோ விற்கவோ, மிக அவசியமான நிலையிலன்றிக் குடிக்கவோ கூடாது என்று அவை கூறுகின்றன. கவனியுங்கள்: விலக்கு சாராயத்துக்கு, திராட்சரசத்துக்கும் பீருக்கும் அல்ல. வெஸ்லியே அவற்றை அருந்தியவர்தான்.

பீரையும் சேர்த்து எல்லா மதுவையும் விலக்கும் உறுதிமொழி 1832 செப்டம்பர் 1-இல் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் ஏழு பேர் கையெழுத்திட்டபோது உருப்பெற்றது. அவர்களில் முதன்மையானவர் பாலாடைக்கட்டி வியாபாரியான ஜோசப் லைவ்சி. சாராயத்தை மட்டும் விலக்கும் பழைய உறுதிமொழியை எடுத்தவர்கள் பீர்க்கடையிலேயே விழுந்து கிடப்பதைக் கண்டதால்தான் அவர்கள் முழு விலக்குக்குப் போனார்கள். "நம் ஊரில் எவரும் ஒரு கோப்பையோடு நிறுத்துவதில்லை" என்று சகோதரர் இன்று எழுதியதே அவர்களுடைய அனுபவமும் ஆகும். ஆறு ஆண்டுகள் கழித்து, 1838-இல், அயர்லாந்தின் கார்க் நகரில் தியபால்டு மேத்யூ என்ற கப்புச்சின் சபைக் குரு முழு விலக்கு இயக்கத்தைத் தொடங்கினார். லட்சக்கணக்கான கத்தோலிக்கர்கள் அவர் முன் உறுதிமொழி எடுத்தார்கள். ஆகவே இது புராட்டஸ்டண்டு–கத்தோலிக்க வழக்கு என்று நினைப்பதற்கில்லை.

இந்த அலை பாத்திரத்தைத் தொட்டது அமெரிக்காவில். நியூ ஜெர்சி மாநிலத்தின் வைன்லாந்தில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற பல் மருத்துவர் மெதடிஸ்ட் சபையில் திருவிருந்து ஏற்பாடுகளைக் கவனித்துவந்தார். லூயி பாஸ்டர் திராட்சரசம் கெடாமல் இருக்கச் சூடேற்றும் முறையைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் வெளியிட்டிருந்தார். அதே சூட்டைச் சாறு புளிக்காமல் இருக்கப் பயன்படுத்தலாம் என்று கண்ட வெல்ச், 1869-இல் கான்கார்டு திராட்சையின் சாற்றைப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைத்து நுண்ணுயிரைக் கொன்றார். "புளிக்காத திராட்சரசம்" என்ற பெயரில் சபைகளுக்கு விற்க முயன்றபோது வாங்குவார் இல்லை, தொழிலைக் கைவிட்டார். பின்னர் அவருடைய மகன் சார்லஸ் அதை மீண்டும் எடுத்து, 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்தபிறகே அது பெருவணிகமாயிற்று. பாட்டில் திராட்சைச் சாறு என்ற தொழிலே திருவிருந்துப் பாத்திரத்திலிருந்து பிறந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

ஆங்கிலிக்கன் ஆயர்கள் இதை விரும்பவில்லை. 1888-ஆம் ஆண்டு லாம்பெத் மாநாட்டில், பாத்திரத்தில் புளிக்காத சாற்றைப் பயன்படுத்துவதற்கு ஆண்டவரின் முன்மாதிரியில் ஆதாரம் இல்லை என்றும், அது திருச்சபையின் வழக்கத்திலிருந்து அதிகாரமின்றி விலகுவது என்றும் தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

இப்போது பொதிகைத்தென்றல் ஐயாவின் கமிட்டிக்கு வருகிறேன். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன்கள், மெதடிஸ்டுகள், பிரெஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல் சபையாரும் முன்பே இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையார் என மூன்று தரப்பினரும் ஒன்றாயினர். லாம்பெத் தீர்மானத்தின் வாரிசுகளும் வெல்ச் புட்டியின் வாரிசுகளும் அன்று ஒரே பீடத்தைச் சுற்றி முழங்காற்படியிட்டார்கள். உங்கள் கமிட்டிப் பெரியவர்கள் "முன்னோர் முறை" என்று சொல்வது உண்மைதான். ஆனால் அந்த முன்னோர் ஒரே முறையைக் கைக்கொண்டவர்கள் அல்லர்.

எழுப்புதல்_ஊழியன் எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் வரலாறு எப்படி இருந்தாலும் ஆண்டவர் கையில் எடுத்தது எது என்பதே கேள்வி. மத்தேயு, மாற்கு, லூக்கா சுவிசேஷங்கள் மூன்றும் இராப்போசனத்தைச் சொல்லும்போது "திராட்சப்பழரசம்" என்றே குறிப்பிடுகின்றன. இராப்போசனம் நடந்த யூதரின் பஸ்கா பண்டிகை நாள்களில் புளித்த மாவையே வீட்டில் வைக்கக் கூடாதென்றால், புளித்த பானம் மட்டும் எப்படி இருந்திருக்கும்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

சொல்லாராய்ச்சிக்குள் போகாமல் பருவத்தை மட்டும் பார்ப்போம். பாலஸ்தீனத்தில் திராட்சை அறுவடை ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில். பஸ்கா வருவது மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ. ஆலையில் மிதித்த சாறு அந்த வெப்பத்தில் ஓரிரு நாள்களிலேயே நுரைக்கத் தொடங்கிவிடும். ஆறேழு மாதங்கள் அது சாறாகவே இருக்க வாய்ப்பில்லை. சாற்றைப் புளிக்காமல் காக்கும் அறிவு பண்டைக் காலத்தில் அறவே இல்லை என்று நான் கூறமாட்டேன். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் ரோமானியரான காட்டோ, சாடியின் வாயைக் கீல்பூசி அடைத்து முப்பது நாள் குளத்தில் மூழ்க வைத்தால் சாறு ஆண்டு முழுவதும் இனிப்பாக இருக்கும் என்று தம் வேளாண் நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் எருசலேமில் ஏழைகள்கூட வாங்கிப் பருகிய பஸ்காப் பாத்திரம் அப்படிப்பட்ட அரும்பொருளாக இருந்திருக்காது. பஸ்காவில் யூதர் விலக்கியது தானிய மாவின் புளிப்பை. திராட்சையின் புளிப்பை அன்று. இன்றுவரை அவர்கள் பஸ்காவில் நான்கு பாத்திரம் அருந்துகிறார்கள்.

இதைவிட எளிய சான்று கொரிந்துவில் இருக்கிறது. ஆண்டவரின் பந்தியில் ஒருவன் பசியாயிருக்க மற்றொருவன் வெறித்திருக்கிறான் என்று பவுல் கடிந்துகொள்கிறார். சாற்றைக் குடித்து எவரும் வெறிப்பதில்லை. ஆனால் அந்த இடத்தில் பவுல் ரசத்தை மாற்றச் சொல்லவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொல்கிறார். எனக்கு அந்தப் பகுதியில் மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான்: பவுலின் கோபம் பாத்திரத்தில் இருந்ததன்மேல் அன்று, ஏழையைப் புறந்தள்ளிவிட்டு நடந்த பந்தியின்மேல்.

இரவுப்பணி எழுதியது:

நான் குடிநோய்ப் பிரிவில் பணியாற்றும் செவிலி. வேதசாஸ்திரம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் இந்த இழையில் இதுவரை எவரும் தொடாத ஒரு விஷயத்தை உடனே சொல்லியாக வேண்டும்.

பொதிகைத்தென்றல் அண்ணன், அந்த அன்பர் எந்த மாத்திரை எடுத்துக்கொள்கிறார் என்பதை முதலில் அவருடைய குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். சிகிச்சை முடித்து வீடு திரும்புகிற பலருக்கு டைசல்ஃபிரம் என்ற மாத்திரை கொடுப்பதுண்டு. மது உடலில் செரிக்கும்போது இடையில் தோன்றும் ஒரு நச்சுப்பொருளை ஈரல் மேற்கொண்டு உடைக்கவிடாமல் அது தடுத்துவிடும். அந்த நிலையில் கொஞ்சம் மது உள்ளே போனாலும் முகம் சிவந்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். சிலருக்கு ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு நீடிக்கலாம். ஒரு மிடறுதானே என்று எவரும் சொல்லக் கூடாது. நாங்கள் இருமல் மருந்தின் சீட்டைக்கூடப் படித்துப் பார்த்தே கொடுக்கச் சொல்கிறோம்.

மாத்திரை எடுக்காதவர்களுக்கும் சிக்கல் உண்டு. சுவையும் வாசனையும் பழைய ஆசையைத் தட்டி எழுப்பிவிடும். எல்லாருக்கும் அப்படி நேர்வதில்லை. மீண்டவர்களில் சிலர் பல ஆண்டுகள் பாத்திரத்தில் பங்கெடுத்தும் நலமாக இருக்கிறார்கள். யாருக்கு நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல எங்களாலும் முடியாது என்பதுதான் தொல்லை.

இன்னொன்று வெட்கம். காவிரிக்கரை ஐயா சொன்னதுபோல் அப்பத்தை மட்டும் பெறலாம்தான். ஆனால் சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, வரிசையில் தனக்கு மட்டும் பாத்திரம் தாண்டிப் போவதை ஒரு மனிதர் ஒவ்வொரு முறையும் தாங்க வேண்டும். "அவனா, குடிகாரன், அதனால்தான் போதகர் ஐயர் கொடுக்கவில்லை" என்று பின்வரிசையில் ஒருவர் கிசுகிசுத்தால் போதும். அவர் பிரசங்கம் முடிந்ததும் எழுந்து போவது வாசனைக்குப் பயந்து மட்டும்தானா என்று எனக்கு ஐயம் இருக்கிறது.

தரங்கைவாசி எழுதியது:

சகோதரி எழுதியது என்னை யோசிக்க வைக்கிறது. மருத்துவக் காரணம் உள்ளவருக்கு விலக்கு அளிக்க எந்தப் போதகரும் மறுக்கமாட்டார். என் கேள்வி வேறு: ஒருவருக்காக விலக்கு அளிப்பதற்கும், சபை முழுவதற்கும் பொருளை மாற்றிவிடுவதற்கும் வேறுபாடு இல்லையா? இன்று சாறு என்றால், நாளை திராட்சை கிடைக்காத ஊரில் இளநீர் வைக்கலாம் என்பார்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இளநீர் வரை போக வேண்டாம், ஐயா. திராட்சை கிடைக்காத நாட்டில் திருச்சபை என்ன செய்தது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 1501-இல் போர்ச்சுகல் சென்ற கொடுங்கல்லூர் ஜோசப் கத்தனார் என்ற குருவிடம் ஐரோப்பியர்கள் மலபார்க் கிறிஸ்தவர்களின் வழிபாட்டைப் பற்றிக் கேட்டு எழுதிவைத்தார்கள். தங்கள் நாட்டில் திராட்சரசம் இல்லாததால் உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பயன்படுத்துவதாக அவர் கூறியிருக்கிறார். எத்தியோப்பியத் திருச்சபையும் இன்றளவும் உலர் திராட்சையை ஊறவைத்துப் பிழிந்தே பாத்திரத்தில் வைக்கிறது. சகோதரர் எழுப்புதல் ஊழியனுடைய சபையில் கிஸ்மிஸைக் காய்ச்சுவதற்கு, அவர் அறியாமலேயே, இத்தகைய பழைய சொந்தங்கள் இருக்கின்றன.

பனங்காடு எழுதியது:

தென்கோடிப் பனைத்தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். புளிப்பதைத் தடுக்கும் அறிவைத் தேடி நியூ ஜெர்சிக்கும் ரோமுக்கும் போயிருக்கிறீர்கள். எங்கள் தாத்தாவின் இடுப்பிலேயே அது தொங்கியது. பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் காலையில் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் இறங்குவது கள். ஒரே பனை, ஒரே பாளை. தடவிய சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் லேசாகப் பொங்கி, வாயில் வைத்ததும் சுருக்கென்று பிடிக்கும். அம்மா அதைக் கருப்பட்டி காய்ச்சும் தாழியில் ஊற்றவிடமாட்டாள். அந்த ஊர்களில் சபைகள் எழும்பியபோது, சுண்ணாம்புக் கலயமா, வெறுங் கலயமா என்பதைப் பார்த்தே ஆளை எடைபோட்டார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அதே பெரியவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பன்னீர் திராட்சையை வாங்கிக் கழுவித் துடைத்து, சீனியும் கிராம்பும் பட்டையும் கைப்பிடி கோதுமையும் சேர்த்து, ஊறுகாய் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டி, கட்டிலுக்கடியில் வைத்துவிடுவார்கள். நாள்தோறும் மரக்கரண்டியால் கிண்டிவிட வேண்டும். உலோகக் கரண்டி படக் கூடாது. பண்டிகையன்று கேக்கோடு பிள்ளைகளுக்கும் சிறு தம்ளரில் அது கிடைக்கும். அதைக் "குடி" என்று எவரும் சொல்லமாட்டார்கள். டாஸ்மாக் வாசலில் நிற்பவன் பாவி, கட்டிலுக்கடியில் ஜாடி வைத்திருப்பவர் கமிட்டி மெம்பர். கோபித்துக்கொள்ள வேண்டாம், பொதிகைத்தென்றல் அண்ணாச்சி!

வடகிழக்குப்பயணி எழுதியது:

பணி நிமித்தம் நாகாலாந்தில் வசித்தவன். அங்கே பெரும்பான்மையோர் பாப்டிஸ்டுகள். அமெரிக்க மிஷனரிகள் வந்த காலத்திலிருந்தே அரிசிக் கள்ளை விடுவது மனமாற்றத்தின் அடையாளமாக இருந்தது. சபைகளின் வற்புறுத்தலால் 1989-இல் மாநிலம் முழுவதும் மதுவிலக்குச் சட்டமே வந்தது. மிசோரமிலும் பிரெஸ்பிட்டேரியன் சபையின் ஆதரவோடு 1997 முதல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்து, இடையில் தளர்த்தப்பட்டு, 2019-இல் மீண்டும் சட்டமாயிற்று. அசாம் எல்லையை ஒட்டிய திமாப்பூரில் மது கிடைக்காத நாளை நான் கண்டதில்லை. சபை தன் ஒழுக்கத்தை அரசின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று

நெறியாளர் எழுதியது:

வடகிழக்குப்பயணி அவர்களின் பதிவு பாதியில் நின்றிருக்கிறது. அரசின் மதுவிலக்குச் சட்டம் தனி இழைக்கு உரிய பொருள் என்பதால் அதை அங்கே தொடர வேண்டுகிறேன். இங்கே பாத்திரத்தைப் பற்றி மட்டும் எழுதவும்.

காவிரிக்கரை எழுதியது:

பனங்காடு தம்பியின் ஜாடி எங்கள் வீட்டிலும் உண்டு, மறுக்கமாட்டேன். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையே 1832-இல் பிரெஞ்சுக் குரு ஒருவரால் தமிழகத்துக்கு வந்தது என்று கூறுவார்கள்.

இரவுப்பணிச் சகோதரி சொன்ன வெட்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பங்குகளில் பெரும்பாலான நாள்களில் இறைமக்கள் எல்லாருமே அப்பத்தை மட்டும் பெறுவதால், இரசம் பெறாத ஒருவர் தனித்துத் தெரிவதில்லை. பாத்திரத்தை எல்லாருக்கும் தரும் சபைகளில்தான் அந்த உறுத்தல் எழுகிறது. லுத்தரின் வழக்கு நியாயமானதா என்ற பெரிய கேள்வியைத் தரங்கைவாசி ஐயாவும் நானும் வேறோர் இடத்தில் வைத்துக்கொள்கிறோம்.

எழுப்புதல்_ஊழியன் எழுதியது:

1883-இல் இரட்சணிய சேனையார் (சால்வேஷன் ஆர்மி) திருவிருந்து ஆசரிப்பையே நிறுத்திவிட்டதற்கு, மீண்ட குடிகாரர்களைப் பற்றிய கவலையும் ஒரு காரணம் என்று படித்திருக்கிறேன். அந்த அளவுக்குப் போக நான் துணியமாட்டேன். ஆண்டவர் "இதைச் செய்யுங்கள்" என்றார். ஆனால் ரோமர் 14-இல் பவுல், சகோதரன் இடறுவதற்கு ஏதுவான இறைச்சியையும் மதுவையும் விட்டுவிடுவதே நலம் என்கிறாரே, அதற்கு எவரும் இன்னும் விடை கூறவில்லை. ரசம் வேதத்துக்கு உட்பட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய உயிரைவிட அது பெரிதா?

தரங்கைவாசி எழுதியது:

நேர்மையான கேள்வி, நேராகவே பதில் தருகிறேன். பெரிதன்று. நான் காக்க விரும்புவது ரசத்தின் போதையை அன்று, ஆண்டவரின் நியமனத்தை. அந்த அன்பர் முழங்காற்படியிடும் இடத்தில் அவருக்கெனச் சிறு கிண்ணத்தில் முஸ்தும் போன்ற ஒன்றை, திராட்சைக் கனியிலிருந்தே வந்த ஒன்றை, வார்த்தைகளைச் சொல்லி அர்ப்பணித்து வழங்கினால் என் மனச்சாட்சி அதை எதிர்க்காது. சபை முழுவதும் மாற வேண்டும் என்றால்தான் எதிர்ப்பேன்.

இரவுப்பணி எழுதியது:

தரங்கைவாசி ஐயா, மன்னிக்க வேண்டும். அவருக்கு மட்டும் தனிக் கிண்ணம் என்றால், அதுவும் எல்லார் கண்ணுக்கும் தெரியுமே. எங்கள் பிரிவுக்கு வருகிறவர்களில் சபைக்குத் தெரியாமல் சிகிச்சை பெறுகிறவர்களும் உண்டு. அவர்கள் எவரும் கமிட்டிக்குக் கடிதம் எழுதமாட்டார்கள். ஒருவர் பெயர் வெளியில் தெரிந்தால், தெரியாதவர்கள் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

பொதிகைத்தென்றல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பனங்காடு தம்பிக்குத் தனியாக: ஜாடி இந்த ஆண்டும் உண்டு, மறைக்கவில்லை.

நேற்றிரவு கமிட்டி கூடியது. இரவுப்பணிச் சகோதரியின் முதல் பதிவைப் படித்துக் காட்டினேன். மாத்திரையைப் பற்றிக் கேட்டதும் பெரியவர்கள் முகம் மாறிவிட்டது. சபையாரில் மூத்தவர் ஒருவர், "பவுல் காத்திருக்கச் சொன்னார் என்றால், நாமும் அவனுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்" என்றார். 1947 இணைப்பைப் பற்றி ஏட்டுச்சுவடி ஐயா எழுதியதற்கு மறுப்புச் சொல்ல எவராலும் இயலவில்லை; ஆயினும் சிலர் இன்னும் ஒப்பவில்லை.

குருவானவரின் ஒப்புதலுக்கும் அவர் வழியாகப் பேராயரின் ஆலோசனைக்கும் அனுப்புவதற்கு எழுதப்பட்ட முன்மொழிவு இது: திருவிருந்து வேளையில் பீடத்தின் ஒரு பக்கத்தில் ரசப் பாத்திரமும் மறுபக்கத்தில் புளிக்காத சாற்றுப் பாத்திரமும் வைக்கப்படும், இரண்டும் ஒன்றாகவே அர்ப்பணிக்கப்படும், எவரும் காரணம் கூறாமல் எந்தப் பக்கத்திலும் முழங்காற்படியிடலாம், எந்தப் பக்கம் எது என்பதை ஆராதனை முறையில் அச்சிடுவதைத் தவிர வேறு அறிவிப்பு இராது. கமிட்டி உறுப்பினர்கள் சிலர் தொடக்கத்திலிருந்தே சாற்றுப் பக்கம் போவதென்று தாங்களாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த அன்பரின் மனைவியிடம் கலந்து பேசினோம், அவருக்குச் சம்மதம். கணவரின் விருப்பத்தை அவரே கேட்டுச் சொல்வார்.

சாற்றை உபதேசியாரின் வீட்டில் சனிக்கிழமை தயாரிப்பதாக ஏற்பாடு. செய்முறையில் தவறாதிருக்க எழுப்புதல் ஊழியன் சகோதரர் உதவ வேண்டும்.

எழுப்புதல்_ஊழியன் எழுதியது:

மகிழ்ச்சியோடு சொல்கிறேன், சகோதரரே. உலர் திராட்சையை வெந்நீரில் இருமுறை அலசிவிட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி இரவு ஊறவையுங்கள். மறுநாள் அதே தண்ணீரோடு நன்றாகக் கொதிக்க வைத்து, மசித்து, மெல்லிய துணியில் வடிகட்டி, சூடாக இருக்கும்போதே கொதிநீரில் கழுவிய கண்ணாடிப் புட்டியில் ஊற்றி இறுக மூடுங்கள். ஆறியபின் குளிர்பெட்டியில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே திறந்து வைத்தால் ஓரிரு நாளில் நுரை கட்டத் தொடங்கிவிடும். பிறகு நீங்கள் இரண்டு பக்கமும் ரசமே வைத்தவர்களாவீர்கள். மிஞ்சியதை அடுத்த திருவிருந்துக்கென்று எடுத்துவைக்க வேண்டாம்.

இரவுப்பணி எழுதியது:

சகோதரர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு ரசம் ஊற்றிய புட்டிகளையும் பாத்திரத்தையும் சாற்றுக்குப் பயன்படுத்த வேண்டாம். சாற்றுப் பாத்திரத்தைத் துடைக்கத் தனித் துணி வையுங்கள். எந்தப் பக்கம் எது என்பதை ஞாயிறுதோறும் மாற்றாமல் ஒரே பக்கமாக வைத்திருங்கள். உதவி செய்ய வரும் வெளியூர்க் குருவானவருக்கும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.